டே கேர் 12,000... ஆயா 18,000... உண்மையில் எது சீப்?

பிரசவ விடுப்பு முடியும் நேரத்தில் சென்னையின் பல வீடுகளில் ஒரு பேப்பரும் பேனாவும் வெளியே வரும். ஒரு பக்கம் டே கேர் ஃபீஸ், இன்னொரு பக்கம் ஆயா சம்பளம். கூட்டிக் கழிச்சுப் பார்த்துட்டு, கடைசியில் "பேசாம வேலையை விட்டுடலாமா?" என்று ஒருத்தர் கேட்பார். அந்த ஒருத்தர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

பேப்பரில் அந்தக் கணக்கைப் போடும் முறையிலேயே சிக்கல் இருக்கிறது. அதனால் இங்கே கொஞ்சம் வேறு மாதிரி போட்டுப் பார்ப்போம்.

முதலில் நேரம். 2017-ல் மகப்பேறு பலன் சட்டம் திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு சம்பளத்துடன் கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. இதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்தவர் ஆபீஸுக்குத் திரும்பும்போது குழந்தைக்கு நாலு மாதம்தான் ஆகியிருக்கும். (தமிழக அரசு ஊழியராக இருந்தால் 2021 முதல் 12 மாத விடுப்பு. கொடுத்து வைத்தவர்கள்!) ஆனால் பல டே கேர்களில் ஒரு வயது, ஒன்றரை வயது ஆகாத குழந்தைக்கு இடம் கிடைப்பது கஷ்டம். எடுத்தாலும் ஃபீஸ் கூடுதல். ஆக, முதல் வருஷத்தில் பல வீடுகளுக்கு சாய்ஸே கிடையாது. பாட்டி, இல்லன்னா ஆயா.

குழந்தைக்கு ஒன்றரை வயது ஆன பிறகுதான் இந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே வருகிறது. கட்டணம் ஏரியாவுக்கு ஏரியா மாறும். அதனால் கீழே உள்ள எண்கள் எல்லாம் கணக்குக்காக நாங்கள் வைத்துக்கொண்டவை. உங்கள் எண்ணைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

டே கேர் மாதம் 12,000 ரூபாய். வருஷாவருஷம் அட்மிஷன், மெட்டீரியல் என்று 12,000. அதை மாதத்துக்குப் பிரித்தால் 1,000. இதுவரை எல்லோரும் போடும் கணக்கு.

விட்டுப்போவது காய்ச்சல் நாட்கள். காய்ச்சல், கண் வலி, வாந்தி என்றால் டே கேரில் குழந்தையைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அது சரிதான், மற்ற குழந்தைகளுக்கும் பரவுமே. ஆனால் அன்றைக்கு அம்மாவோ அப்பாவோ லீவு போட்டாக வேண்டும். வருஷத்துக்கு 20 நாள் என்று வைப்போம். மாதச் சம்பளம் 60,000, வேலை நாள் 22 என்றால் ஒரு நாளின் மதிப்பு சுமார் 2,700. 20 நாளைக்கு 54,000, அதாவது மாதம் 4,500. "கேஷுவல் லீவுதானே, சம்பளம் பிடிக்க மாட்டாங்களே" என்று கேட்கலாம். அந்த லீவு உங்களுடையது, வேறு எதற்கும் இனி மிஞ்சாது. ஆக மொத்தம் 17,500.

இப்போது ஆயா. சம்பளம் 18,000. தீபாவளிக்கு ஒரு மாத போனஸ், ஏஜென்சிக்கு ஒரு மாத சம்பளம் அளவுக்கு சர்வீஸ் சார்ஜ். மாதத்துக்குத் தலா 1,500. சாப்பாடு, பஸ் காசு 1,500. அவர் ஊருக்குப் போகும், உடம்பு முடியாமல் போகும் 12 நாளுக்கு நீங்கள் லீவு போட்டால் மாதம் 2,700. கூட்டினால் 25,200.

முதலில் 6,000 ரூபாயாகத் தெரிந்த வித்தியாசம் 7,700 ஆகிவிட்டது. அப்போ டே கேர்தான் சீப் என்று முடித்துவிடலாமா? உங்கள் ஆபீஸ் நாவலூரில் இருந்து, வீடு பெரம்பூரில் இருந்தால் முடியாது. டே கேர் 6.30-க்கு மூடும். நீங்கள் ஓ.எம்.ஆர். டிராஃபிக்கைத் தாண்டி வர எட்டு மணி. நடுவில் குழந்தையை அழைத்து வந்து பார்த்துக்கொள்ள ஒரு அக்காவுக்கு மாதம் 6,000 கொடுத்தால் மொத்தம் 23,500. ஆயா கணக்குக்குக் கிட்டத்தட்ட பக்கத்தில் வந்தாச்சு. இரண்டாவது குழந்தை பிறந்தால் கணக்கே தலைகீழ். டே கேர் ஃபீஸ் மட்டும் 24,000. ஆயாவுக்கு 5,000 கூட்டிக் கொடுத்தாலும் 23,000-தான்.

ஆக, விலை தலைக்கா, நேரத்துக்கா என்பதுதான் அடிப்படை வித்தியாசம். ஒரே குழந்தை, வீட்டுப் பக்கத்தில் ஆபீஸ், ஓரளவு நேரத்துக்குக் கிளம்ப முடியும் என்றால் டே கேர். இரண்டு குழந்தை, நைட் ஷிஃப்ட் கால்கள், நீண்ட பயணம் என்றால் ஆயா.

ஆயா அக்காவின் கணக்கு

இந்தப் பேப்பரில் யாரும் எழுதாத இன்னொரு வரி இருக்கிறது. மாதம் 26 நாள், தினம் 10 மணி நேரம் என்றால் 260 மணி நேரம். 18,000-ஐ வகுத்தால் மணிக்கு 69 ரூபாய். 2018-ல் தமிழக அரசு வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 40 ரூபாய்க்குள்தான். அதோடு ஒப்பிட்டால் இது பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் தனியார் வீட்டில் வேலை பார்ப்பவருக்கு பி.எஃப். இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை. "அப்படியே அந்த நாலு பாத்திரத்தையும் கழுவிடுங்கக்கா" என்பது மட்டும் உண்டு. ஆயா நிற்காமல் போய்விடுகிறார் என்று புலம்புகிற வீடுகளில், வேலை என்ன, லீவு எத்தனை, லேட்டானால் எவ்வளவு என்று ஒரு வெள்ளைத்தாளிலாவது எழுதிக் கொடுத்தவை எத்தனை?

யார் சம்பளத்திலிருந்து கழிக்கிறோம்?

மறுபடி அந்த "வேலையை விட்டுடலாமா" கேள்விக்கு வருவோம். 25,200 செலவை அம்மாவின் 60,000-லிருந்து மட்டும் கழித்து, "மிச்சம் 34,800, அதுக்கு இவ்வளவு அலைச்சலா?" என்கிறோம். அப்பாவின் சம்பளத்திலிருந்து ஏன் கழிப்பதில்லை? குழந்தை ரெண்டு பேருக்கும்தானே.

அப்படியே கழித்தாலும், மூன்று வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள். சம்பளமும் செலவும் வருஷத்துக்கு 8% ஏறுகிறது என்று வைத்தால், மூன்று வருஷத்தில் விட்டுப்போகும் சம்பளம் வரிக்கு முன் சுமார் 23.4 லட்சம். மிச்சமாகும் செலவு 9.8 லட்சம். திரும்பி வரும்போது அதே 60,000-க்குச் சேர்ந்தால், வேலையில் தொடர்ந்தவரைவிட மாதம் 15,500 குறைவு. குழந்தை எல்.கே.ஜி. போன பிறகும் அந்தப் பள்ளம் அப்படியே இருக்கும்.

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கும் பெண்கள் அதற்காக தினம் 137 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 75 நிமிடம். மேலே போட்ட அந்தக் காய்ச்சல் லீவு 20 நாளும் யார் தலையில் விழும் என்று யூகிக்கக் கஷ்டமில்லை. பத்துப் பத்தாகப் பிரித்துக்கொண்டால் வீட்டு பட்ஜெட்டில் பெரிதாக எதுவும் மாறாது, அப்ரைசலில் மாறும்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கு 60,000 சம்பளத்துக்குப் பொருந்தும். தி.நகர் கடை ஒன்றில் 18,000 வாங்கும் பெண்ணுக்கு 12,000 ரூபாய் டே கேர் என்பது பேச்சுக்கே இடமில்லாத விஷயம். அங்கன்வாடியும் இரவு ஏழு மணி வரை ஓடுவதில்லை. 6 மாதம் முதல் 6 வயது வரையிலான குழந்தைகளுக்கு மத்திய அரசின் 'பால்னா' திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகங்கள் உண்டு. உங்கள் பகுதியில் இருக்கிறதா என்று பக்கத்து அங்கன்வாடியில் விசாரிக்கலாம்.

ஆபீஸில் கேட்க வேண்டியது

50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்பது 2017 திருத்தத்தில் வந்தது. 50 பெண்கள் அல்ல, மொத்த ஊழியர்கள் 50. இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு கேட்காமல் விடுபவர்கள் நிறைய. தாய் ஒரு நாளைக்கு நாலு முறை குழந்தையைப் போய்ப் பார்த்து வரலாம். 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 50 தொடர்கிறது. செலவு யாருடையது என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்லாமல் விட்டதால், சில நிறுவனங்கள் பக்கத்து டே கேரோடு டை-அப் வைத்து ஒரு பகுதியை மட்டும் கொடுக்கின்றன. அதுவாவது கிடைக்குமா என்று ஹெச்.ஆருக்கு மெயிலில் கேளுங்கள், வாய்வார்த்தையாக வேண்டாம்.

டே கேரை நேரில் பார்க்கப் போனால் சுவரில் இருக்கும் கார்ட்டூனை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணுங்கள். 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட காப்பக வழிகாட்டுதலின்படி, மூன்று வயதுக்குக் கீழே 10 குழந்தைகளுக்கு ஒரு பயிற்சி பெற்ற பணியாளர் வேண்டும். டே கேரும் ப்ளே ஸ்கூலும் ஒன்றாக நடக்கும் இடமென்றால், டியூஷன் ஃபீஸுக்குத் தனி ரசீது கேட்டு வாங்குங்கள். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் அதை 80சி கழிவில் காட்டலாம். பார்த்துக்கொள்வதற்கான கட்டணத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.