பாலைப்பழமும் ஒரு யப்பானியச் சித்திரக்கதையும்

ஐம்பதைத் தாண்டியவர் சித்திரக்கதை வாசித்தால் நம்மவர் சிரிப்பார்கள். என் மேசையில் கிடந்த யப்பானிய மங்கா நூலைக் கண்ட நண்பர் ஒருவரும், “இதென்ன, பேரப்பிள்ளைக்கு வாங்கினதோ?” என்றுதான் கேட்டார். அவரைக் குறைசொல்வதற்கில்லை. எங்கள் தலைமுறைக்குச் சித்திரக்கதை என்றால், 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவிதான். பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துவைத்து வாசித்த சரக்கு அது.

யப்பானில் நிலைமை வேறு. அங்கே வளர்ந்தோருக்கென்றே சித்திரக்கதைச் சஞ்சிகைகள் உண்டு. 2017இல் காலமான ஜிரோ தனிகுச்சி 1990களின் தொடக்கத்தில் வரைந்த ‘நடக்கும் மனிதன்’ அந்த மரபில் வந்தது. புதிய ஊருக்குக் குடிவந்த ஒருவர் நடக்கிறார், பறவை பார்க்கிறார், பிள்ளைகளின் விளையாட்டு விமானத்தை எடுக்க மரத்தில் ஏறுகிறார். பேச்சு மிகக் குறைவு. சண்டை இல்லை, மர்மமும் இல்லை. வாசித்து முடித்தபோது எனக்கு நினைவில் வந்தது நெடுங்கேணி.

புளியங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் போகும் வழியிலுள்ள அந்த ஊரின் பெயரை என் செய்திகளில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஷெல் வீச்சு, இடம்பெயர்வு, மீள்குடியேற்றம் என்ற ஏதோவொரு சொல்லுக்குப் பக்கத்தில்தான் அப்பெயர் நின்றது. போர் முடிந்து சனங்கள் திரும்பிக்கொண்டிருந்த 2011இல், பெரியவர் ஒருவர் என்னைக் குளக்கட்டு வழியே அழைத்துச் சென்றார். “அந்தப் பாலை நிண்ட இடம் இதுதான் தம்பி” என்று வெறுமையான ஒரு மூலையைக் காட்டினார். வைகாசி, ஆனி மாதங்களில் அதன் பழத்தைத் தின்று சிறுவர்கள் உதடு ஒட்டித் திரிந்த கதையைச் சொன்னார். நானோ, எத்தனை குடும்பங்கள் திரும்பியுள்ளன என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். மறுநாள் செய்தியில் தொகை இருந்தது, பாலைப்பழம் இல்லை. அது பிழையான செய்தி என்று சொல்லமாட்டேன். ஆனால் முழுமையான செய்தி அல்ல என்பதை அந்த மங்காதான் எனக்கு உணர்த்தியது.

மரத்தையும் பழத்தையும் எழுதிக்கொண்டிருந்தால் 2009இன் பேரழிவை யார் சொல்வது என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அதற்கான விடையும் யப்பானிலேயே இருக்கிறது. 1968இல் ஹிரோஷிமாவில் பிறந்த ஃபுமியோ கோனோ, ‘இந்த உலகின் மூலையில்’ என்ற மங்காவை 2007 முதல் 2009 ஜனவரி வரை தொடராக வரைந்தார். கடற்படைத் துறைமுக நகரான குரேயில் வாழ்க்கைப்பட்ட சுசு என்ற பெண்ணின் கதை அது. அரிசித் தட்டுப்பாட்டில் காட்டுக்கீரையைச் சேர்த்துச் சமைப்பதும், பழைய கிமோனோவை வெட்டித் தைப்பதுமாகவே பக்கங்கள் நகர்கின்றன. பின்னர் ஒரு குண்டு, அவள் படம் வரையும் வலக்கையைப் பறித்துவிடுகிறது. அந்தக் கையோடு அத்தனை பக்கங்கள் வாழ்ந்துவிட்ட வாசகருக்கு இழப்பின் அளவு விளங்கிவிடுகிறது. அத்தொடர் முடிந்த அதே ஜனவரியில்தான் வன்னிச் சனங்கள் சட்டிபானையோடு கடற்கரையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

போரைச் சொல்லும் சித்திரநூல் நமக்கு இல்லாமலில்லை. 2008 செப்டெம்பர் வரை ஐ.நா. பணியாளராக வன்னியில் இருந்த பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லின்ட்சே பொலொக் வரைந்த ‘வன்னி’ 2019இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அவசியமான நூல். ஆனால் ஓடுவதற்கு முன் அந்த மண்ணில் எப்படி நடந்தோம் என்பதை நாமல்லவா சொல்லவேண்டும்? ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பிறந்த நம் பிள்ளைகளுக்கு வன்னி என்றால் பதுங்குகுழியும் கூடாரமும்தான். எதை இழந்தோம் என்று தெரியாதவர்களிடம் இழந்தோம் என்று மட்டும் சொல்வதால் என்ன பயன்? அதைச் சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆகவே வரையத் தெரிந்த இளையவர்களிடம் ஒரு வேண்டுகோள். புளியங்குளச் சந்தியில் இறங்கி நெடுங்கேணி வரை ஒருதரம் ஆறுதலாக நடந்து பாருங்கள். எதிர்ப்படும் முதியவரிடம், முன்னர் எந்த மரம் எங்கே நின்றதென்று கேளுங்கள். கேட்டதை வரையுங்கள். நான் அன்று குறிக்காமல் விட்டது அதுதான்.