நாகக் கூரையின் கீழ் வேகும் லாசப்பல்: சட்டம் இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறதா?

பாரிஸ் பாலைவனம் இல்லை. ஆனால் 2019 ஜூலை 25ஆம் திகதி இங்கே மொன்சூரி வானிலை நிலையத்தில் பதிவான வெப்பம் 42.6 பாகை செல்சியஸ். யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த எங்களுக்கே அது புது எண். 2025 ஜூலை 1ஆம் திகதி பாரிஸுக்குச் சிவப்பு எச்சரிக்கை விடப்பட்டது, ஈபிள் கோபுரத்தின் உச்சி மூடப்பட்டது. 2003 ஓகஸ்டில் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர் வெப்பத்தால் இறந்தார்கள். அப்போது பாரிஸில் இரவு வெப்பநிலைகூட 25.5 பாகைக்குக் கீழே இறங்காத நாட்கள் இருந்தன.

வெயிலுக்கு யார் என்ன செய்ய முடியும் எண்டு கேட்கலாம். வெயிலுக்கு ஒன்றும் செய்ய முடியாதுதான். கூரைக்குச் செய்யலாம். 2003இல் வீட்டில் இறந்த முதியவர்களைப் பற்றிப் பின்னர் நடந்த மருத்துவ ஆய்வு, நோய், நடமாட முடியாமை ஆகியவற்றோடு இரண்டு காரணங்களைத் தனியாகச் சுட்டியது. வீட்டுக்கு வெப்பக் காப்பு இல்லாமை ஒன்று. கூரைக்கு நேர் கீழே உள்ள மேல்மாடியில் படுத்தது மற்றது. ஒரே தெரு, ஒரே வெயில். ஆனால் இரண்டாம் மாடியில் இருப்பவருக்கும் ஆறாம் மாடியில் இருப்பவருக்கும் ஆபத்து ஒன்றல்ல.

ஆறாம் மாடியில் யார் இருக்கிறார்கள் எண்டு லாசப்பலில் ஒருவருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. அந்தக் காலத்தில் பணக்கார வீடுகளின் வேலைக்காரப் பெண்களுக்காகக் கட்டிய 'சம்பர் து பொன்' அறைகள் அவை. இன்று மாணவர்களும் புதிதாக வந்தவர்களும் உணவகங்களில் இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குபவர்களும் அங்கே இருக்கிறார்கள். வெயில் உச்சியில் நிற்கும் நேரத்தில்தான் அவர்களுக்கு நித்திரை நேரம்.

தகரக் கொட்டிலும் நாகத் தகடும்

பாரிஸ் கூரைகளில் ஏறத்தாழ 80 வீதம் நாகத் தகட்டால், அதாவது துத்தநாகத்தால் ஆனவை. 19ஆம் நூற்றாண்டில் ஓஸ்மான் நகரத்தைத் திரும்பக் கட்டியபோது இந்தத் தகடு பரவலானது. பாரம் குறைவு, வளைக்க இலகு, மழைக்குப் பல பத்தாண்டுகள் தாங்கும். ஆனால் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாத உலோகத் தகடு, அதன் கீழே மெல்லிய பலகை, அதன் கீழே அறை. ஊரில் கிடுகு வீட்டிலிருந்து தகரக் கொட்டிலுக்கு மாறிப் படுத்தவர்களுக்கு இதைப் பௌதிகம் படித்து விளங்க வேண்டியதில்லை.

2024 டிசம்பரில் பாரிஸ் நாகக் கூரைத் தொழிலாளர்களின் கைவினை அறிவை யுனெஸ்கோ மானுடத்தின் பண்பாட்டு மரபாகப் பதிவு செய்தது. நல்ல விடயம். உயிரைப் பணயம் வைத்து உயரத்தில் வேலை செய்பவர்களுக்குக் கிடைத்த மரியாதை. ஆனால் 'இனிக் கூரையில் கை வைக்கக் கூடாது' எண்டு இதற்குப் பொருள் சொல்வது தவறு. யுனெஸ்கோ மதித்தது தொழிலாளியின் கையை. தகட்டின் கீழ் வெறுமை இருக்க வேண்டும் எண்டு அது சொல்லவில்லை.

அனுமதி எங்கே சிக்குகிறது?

கூரையின் வெளித்தோற்றத்தை மாற்றினால் மெரியில் முன் அறிவித்தல் கொடுக்க வேண்டும். சாதாரணமாக ஒரு மாதத்தில் பதில் வரும். வரலாற்றுச் சின்னத்தின் சூழலுக்குள், வழமையாக 500 மீற்றர் சுற்றுக்குள், கட்டடம் இருந்தால் இரண்டு மாதம். அங்கே மரபுக் கட்டடங்களைக் கண்காணிக்கும் அரச கட்டடக் கலைஞரின் சம்மதமும் வேண்டும். லாசப்பலைச் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் கார் து நோர் ரயில் நிலையம், மற்றப் பக்கம் பூஃப் து நோர் நாடக அரங்கு. எங்கட தெருக்களில் கனக்க அந்த வட்டத்துக்குள் விழுகின்றன. வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சுக்கும் யன்னலுக்கு வெளியே போடும் நிழல் மறைப்புக்கும் அனுமதி கேட்க வேண்டிய நிலை இதனால்தான். பழையபடியே அதே நாகத் தகட்டைப் போட்டால் பெரும்பாலும் யாரும் கேள்வி கேட்பதில்லை.

அடுத்த சிக்கல் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. கூரை பொதுச் சொத்து. அதை மாற்றுவதா எண்டு முடிவெடுப்பது உரிமையாளர்களின் பொதுக்கூட்டம். 1965 ஜூலை 10ஆம் திகதிச் சட்டப்படி, வழமையான பராமரிப்புக்குக் கூட்டத்தில் வாக்களித்தவர்களின் பெரும்பான்மை போதும். வெப்பக் காப்பு போன்ற எரிசக்தி வேலைக்கு எல்லா உரிமையாளர்களின் மொத்த வாக்கில் பெரும்பான்மை வேண்டும். வாக்கோ தலைக்கு ஒன்றல்ல, சொத்தின் பங்குக்கு ஏற்றபடி. தரைமாடியில் பெரிய கடை வைத்திருப்பவருக்கு வாக்கு நிறைய. ஆறாம் மாடியில் 10 சதுர மீற்றர் அறையின் உரிமையாளருக்கு மிகக் குறைவு. அந்த அறையில் வாடகைக்கு வேகிறவருக்கு வாக்கே இல்லை.

பலர் அறியாத சட்டம்

இந்த இடத்தில்தான் கையில் எடுக்க வேண்டிய ஒரு விதி இருக்கிறது. 2016இல் வெளியாகி 2017 முதல் நடைமுறைக்கு வந்த அரசாணைப்படி, கூரையின் பாதிக்கு மேற்பட்ட பரப்பை மாற்றிப் போடும்போது வெப்பக் காப்பும் சேர்த்தே செய்ய வேண்டும். விதிவிலக்குகள் உண்டு: தொழில்நுட்பத்தில் முடியாமை, மரபுக் கட்டட விதி, செலவு நெடுங்காலம் திரும்பாமை. ஆனால் விதிவிலக்கு வேண்டுமென்றால் அதற்குக் காரணம் காட்ட வேண்டும். 'வழமையா இப்படித்தான் செய்யிறது' என்பது காரணமாகாது.

உள்ளே இருந்து காப்பு வைக்கலாமே எண்டு சிலர் சொல்வார்கள். அதற்கு வெளி அனுமதி தேவையில்லைதான். ஆனால் வாடகை அறைக்குக் குறைந்தது 9 சதுர மீற்றர் பரப்பும் 2.20 மீற்றர் உயரமும், அல்லது 20 கன மீற்றர் கொள்ளளவு இருக்க வேண்டும். சரிந்த கூரையில் உள்ளே 15 சென்ரிமீற்றர் போனால் அறை அந்த அளவுக்குக் கீழே இறங்கிவிடலாம். வீட்டுக்காரர் தயங்குவதற்கு இது ஒரு பெரிய காரணம். ஆகவே தகட்டைக் கழற்றும் நாளே நல்ல வாய்ப்பு. மரச்சட்டத்துக்கு மேலே காப்பை வைத்து, காற்றோட்ட இடைவெளி விட்டு, திரும்பவும் நாகத் தகட்டையே போடலாம். கூரை சற்று உயரும். வெப்பக் காப்புக்காக 30 சென்ரிமீற்றர் வரை உயரத்தில் விலக்குக் கொடுக்க 2016இலேயே வழி செய்யப்பட்டது. தெருவில் நின்று பார்ப்பவருக்கு அதே சாம்பல் நிறப் பாரிஸ்தான்.

பொருளைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். குளிருக்குக் கண்ணாடிப் பஞ்சு நல்லாய்த்தான் வேலை செய்யும். ஆனால் அது பாரமற்றது, கோடையில் வெப்பத்தை அதிக நேரம் பிடித்து வைக்காது. அடர்த்தியான மரநார்ப் பலகை விலை கூட, பாரமும் கூட. ஆனால் மதிய வெக்கை உள்ளே வருவதைப் பல மணிநேரம் தள்ளிப்போடும். சூடு அறைக்குள் வரும் நேரத்தில் வெளியே இரவாகியிருக்கும், யன்னலைத் திறக்கலாம். மேற்கோள் விலைப்பட்டியல் வரும்போது தடிப்பை மட்டும் பார்க்காமல், கோடைக்கு இது என்ன செய்யும் எண்டும் கேட்க வேண்டும்.

பிரெஞ்சு ஆட்சிமுறை இன்னும் குளிரை நினைத்தே வீட்டை அளக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் 'ஜி' தர வீடுகளைப் புதிதாக வாடகைக்கு விட முடியாது. ஆனால் கோடைச் சுகம் என்பது அந்தச் சான்றிதழில் ஒரு குறிப்பு மட்டுமே, தரத்தை அது தீர்மானிப்பதில்லை. தாளில் சரியான அறை ஜூலையில் அடுப்பாக இருக்கலாம். இந்தியாவில் தெலங்கானா 2023இலேயே குளிர்கூரைக்கெனத் தனிக் கொள்கை கொண்டுவந்துவிட்டது. வெயில் நாட்டவர்கள் கூரையை முதலில் நினைக்கிறார்கள். பாரிஸும் இனி அப்படி நினைக்க வேண்டிய ஊர்தான்.

இதில் எங்கட சமூகத்துக்கும் பொறுப்பு உண்டு. லாசப்பலில் கடைகளை, வீடுகளைச் சொந்தமாக வாங்கிய தமிழர்கள் இன்று கணிசமாக இருக்கிறார்கள். கூட்டத்துக்கு அழைப்புக் கடிதம் வந்தால் திறக்காமலே வைப்பவர்களையும், வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து வைத்து வாக்கைக் கொடுத்துவிடுபவர்களையும் எனக்குத் தெரியும். நிகழ்ச்சி நிரலில் ஒரு விடயத்தைச் சேர்க்கும்படி சின்டிக்குக்குப் பதிவுத் தபாலில் எழுத எந்த உரிமையாளருக்கும் உரிமை உண்டு, பங்கு எவ்வளவு சிறிதானாலும். 'கூரை மாற்றும் வேலையில் கோடை வெப்பக் காப்பும் சேர்த்து விலை கேட்க வேண்டும்' என்ற ஒரு வரி போதும். வாடகைக்கு இருப்பவர் கூட்டத்தில் பேச முடியாது. ஆனால் அதே வரியைத் தன் வீட்டுக்காரருக்கு எழுதலாம்.

ஒரு கூரையை மாற்றினால் அடுத்த முறை அதைத் தொட நாற்பது, ஐம்பது வருடம் ஆகும். இந்த வருடக் கூட்டத்தில் 'பழையபடியே போடுவம்' எண்டு கை தூக்கினால், அந்த அறையில் இனிப் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் சேர்த்தே முடிவெடுத்தது ஆகும்.