பிள்ளைகளை விருந்தாளி ஆக்கிவிட்டோம்

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோரிடம் கொஞ்சம் கடிந்தே பேச வேண்டியிருக்கிறது. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் எல்லோரும் சமைத்துக் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடும் நாளில், கார் நிறுத்துமிடத்தில் நின்று பாருங்கள். சாம்பார் பாத்திரத்தை அப்பா தூக்குகிறார். மடக்கு நாற்காலிகளை அம்மா இறக்குகிறார். ஊரிலிருந்து வந்த பாட்டிகூட அப்பளப் பையை எடுத்துக்கொண்டு மெல்ல நடக்கிறார். ஆறடி வளர்ந்த பதினாறு வயதுப் பையன் காருக்குள் ஃபோனோடு உட்கார்ந்திருக்கிறான். அவனைக் கூப்பிடலாமே என்றால், "பாவம், திங்கட்கிழமை கெமிஸ்ட்ரி டெஸ்ட் இருக்கு, விடுங்க" என்கிறோம்.

பையன்மேல் தப்பில்லை. அவனை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. "நீ படி, அது போதும்" என்று சொல்லிச் சொல்லி, வீட்டின் எந்த வேலையிலும் அவனுக்குப் பங்கில்லாமல் செய்துவிட்டோம். அதைப் பாசம் என்று வேறு நினைத்துக்கொள்கிறோம்.

இதே நாம், மெக்சிகோக்காரர்களின் டாக்கோ வண்டி முன்னால் நிற்கும்போது என்ன சொல்கிறோம்? உள்ளே அப்பா இறைச்சி வாட்டுகிறார். பத்து வயது மகள் காகிதத் தட்டில் எலுமிச்சைத் துண்டும் கொத்தமல்லியும் எடுத்து வைக்கிறாள், சில்லறை கொடுக்கிறாள், ஓடிவரும் தம்பியைக் காலால் தடுத்து உள்ளே தள்ளுகிறாள். "படிக்கிற வயசுல பாவம்" என்று பரிதாபப்பட்டுவிட்டு வருகிறோம். மெக்சிகோக்காரர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. இதை வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். அந்த எண்ணம் தவறு. நம் பிள்ளைகள்தான் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஃபுலினி என்ற உளவியல் பேராசிரியர், குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். அவரும் ஈவா டெல்சரும் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 700-க்கும் மேற்பட்டவர்கள் 14 நாட்கள் தினமும் இரவில் குறிப்பு எழுதினார்கள். இன்று வீட்டுக்கு என்ன செய்தாய், மனம் எப்படி இருந்தது என்பதுதான் கேள்வி. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, சமையல், பெற்றோரின் வேலையில் கைகொடுப்பது எல்லாம் அதில் அடக்கம். அதிகம் உழைத்தவர்கள் லத்தீன் அமெரிக்க வழிப் பிள்ளைகள். இவ்வளவு வேலை சுமையாகத்தானே இருக்கும்? அப்படி இல்லை. வீட்டுக்கு உதவிய பிள்ளைகள் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். நான் ஒரு நல்ல மகள், நல்ல மகன், என்னால் வீட்டுக்குப் பயன் இருக்கிறது என்ற நிறைவு அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆசியக் குடும்பத்துப் பிள்ளைகளும் அந்த ஆய்வில் இருந்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு அதே குழு மூளையைப் படம்பிடித்துப் பார்த்தது. சிறிய ஆய்வுதான், பெரிய முடிவுகளை அதன் தலையில் ஏற்றக் கூடாது. இளைஞர்களுக்கு ஒரு தேர்வு வைத்தார்கள்: பணத்தைத் தனக்கே வைத்துக்கொள்ளலாம், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுத்துக் குடும்பத்துக்குத் தரலாம். எவ்வளவு கொடுத்தார்கள் என்பதில் வெள்ளையர், லத்தீனோ இரு தரப்பு இளைஞர்களுக்கும் பெரிய வேறுபாடில்லை. ஆனால் லத்தீனோ இளைஞர்களின் மூளையில், மகிழ்ச்சியோடு தொடர்புடைய பகுதி குடும்பத்துக்குக் கொடுக்கும்போதே அதிகம் இயங்கியது. வெள்ளை இளைஞர்களுக்கோ தங்களுக்குக் காசு கிடைக்கும்போது.

வறுமையை நான் கொண்டாடவில்லை. வாடகைக் கவலையையும், எந்த நேரத்தில் அப்பாவை நாடு கடத்துவார்களோ என்ற பயத்தையும் சேர்த்துச் சுமக்கும் பிள்ளைகள் அந்தக் குடும்பங்களில் இருக்கிறார்கள். அதிகமாக வீட்டு வேலை செய்யும் பிள்ளைகளின் ரத்தத்தில் உடல் அழற்சியின் அறிகுறிகள் கூடுகின்றன என்பதையும் ஃபுலினியின் குழுவே கண்டுபிடித்தது. அங்கேயும் ஒன்று: நம் பங்கைச் செய்கிறோம் என்ற நிறைவு இருந்த பிள்ளைகளிடம் அந்தப் பாதிப்பு குறைவாகவே இருந்தது. நம் வீடுகளில் சுமை கூடிவிடுமோ என்று பயப்படும் நிலைமையிலா இருக்கிறோம்? சாப்பிட்ட தட்டைக் கழுவுதொட்டி வரை கொண்டுபோகாத பிள்ளையைப் பற்றியல்லவா பேசிக்கொண்டிருக்கிறோம்!

சான் ஹோசேயிலிருந்து மலையைத் தாண்டினால் சான்டா குரூஸ். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோகாஃபும் அவரோடு சேர்ந்தவர்களும் தங்கள் ஆய்வைச் சின்னஞ்சிறு பிள்ளைகளிடமிருந்து தொடங்கினார்கள். இரண்டு மூன்று வயதில் எல்லாக் குழந்தைகளுமே வேலைக்கு ஓடி வருகின்றன. வேறுபாடு, அப்போது அம்மா என்ன செய்கிறார் என்பதில் இருக்கிறது. மெக்சிகோ வழித் தாய்மார்கள் வேலை இரட்டிப்பானாலும் பரவாயில்லை என்று குழந்தையைச் சேர்த்துக்கொள்கிறார்கள். நடுத்தர வர்க்க வெள்ளைத் தாய்மார்களில் பலர், குழந்தை தூங்கும்போது வேலையை முடித்துவிடுகிறார்கள். மெக்சிகோவின் குவாதலஹாராவில் செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதன் அடுத்த கட்டத்தைக் காட்டுகிறது. பூர்வகுடி மரபில் வந்த குடும்பங்களில் பள்ளிப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே சமையலிலும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதிலும் இறங்கினார்கள். அதே நகரின் வசதியான குடும்பங்களில் அப்படிச் செய்தவர்கள் மிகக் குறைவு. அந்தப் பிள்ளைகளின் மாலை நேரத்தைப் பெரியவர்கள் ஏற்பாடு செய்த வகுப்புகள் விழுங்கிக்கொண்டிருந்தன. கூமான் கணக்கு வகுப்பு, நீச்சல், பரதநாட்டியம், செஸ் என்று ஓடும் நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கீரை ஆயும்போது மூன்று வயதுக் குழந்தை பக்கத்தில் வந்து உட்கார்கிறது. ஓர் இலையைக் கிள்ளிப் பாத்திரத்திலும், தண்டைத் தரையிலும், இன்னோர் இலையை வாயிலும் போடுகிறது. நாம் அதன் கையில் ஐபேடைக் கொடுத்து அந்தப் பக்கம் அனுப்புகிறோம். பத்து வருடம் கழித்து, "ஒரு துரும்பை எடுத்து அந்தப் பக்கம் போட மாட்டேங்கிறான்" என்று புலம்புகிறோம். இதில் இன்னொரு பிழை, காசு கொடுத்து வேலை வாங்குவது. துணி மடித்தால் இரண்டு டாலர் என்று நீங்கள் விலை போட்ட நிமிடமே அது உங்கள் வேலை ஆகிவிடுகிறது. பிள்ளை கூலிக்கு வந்தவன். ரோகாஃபின் குழு பார்த்த மெக்சிகோ வழிக் குடும்பங்களில் இந்தப் பேரம் இல்லை.

மகளுக்கு மட்டும் வேலை வைக்கும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. லத்தீனோ குடும்பங்களிலும் பெண் பிள்ளைகள்மேல்தான் பாரம் கூடுதலாக விழுகிறது. அதை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம், நம்மிடமே நிறைய இருக்கிறது. தங்கை தோசை வார்க்க, அண்ணன் தட்டோடு காத்திருக்கும் வீட்டில் முதலில் அண்ணனை எழுப்புங்கள்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். வாரத்தில் ஒரு வகுப்பை நிறுத்துங்கள். எதை நிறுத்துவது என்று பிள்ளையிடமே கேளுங்கள், உடனே சொல்லிவிடுவான். அந்த மாலையின் சமையலை அவனிடம் விட்டுவிடுங்கள். என்ன சமைப்பது, கடையில் என்ன வாங்குவது எல்லாம் அவன் பொறுப்பு. ரசத்தில் உப்பு கூடினாலும் எல்லோரும் அதைத்தான் சாப்பிட வேண்டும். நீங்கள் கரண்டியைப் பிடுங்கக் கூடாது.