கொள்ளுத்தாத்தா பெயரில் பட்டா: வம்சாவளியை எங்கே தேடுவது?

கேள்வி: எங்கள் இரண்டரை ஏக்கர் மானாவாரி நிலத்தின் பட்டா இன்னும் என் அப்பாவின் தாத்தா பெயரிலேயே இருக்கிறது. சொட்டுநீர் மானியத்துக்குப் போனால் 'பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றி வாருங்கள்' என்கிறார்கள். கொள்ளுத்தாத்தா எப்போது இறந்தார், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை. சுடுகாட்டு ஓரத்தில் அவருடைய சமாதிக் கல் மட்டும் இருக்கிறது. என்ன செய்வது?
- ஒரு வாசகர், தர்மபுரி மாவட்டம்

பதில்: பயிருக்கு மருந்து கேட்டு வரும் கடிதங்களுக்கு அடுத்தபடியாக எனக்கு அதிகம் வருவது இந்தக் கேள்விதான். சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம் இருக்கிறது. அதற்குச் சிறு விவசாயி சான்று வேண்டும். சான்றுக்கு நிலம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். பட்டா மாற வாரிசுச் சான்று, வாரிசுச் சான்றுக்கு இறப்புச் சான்று. ஆகவே, முன்னோரைத் தெரிந்துகொள்வதும் இன்றைக்கு விவசாய வேலைதான்.

முதலில் வீட்டில் தொடங்குங்கள். ஒரு நோட்டு எடுத்து, ஊரில் மிக மூத்தவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள். 'தாது வருஷப் பஞ்சத்தில் இந்த ஊருக்கு வந்தோம்' என்று பாட்டி சொன்னால் அது 1876-77. ஆனால் தமிழ் வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். 1936-37-ம் தாது வருஷம்தான். பஞ்சத்தைச் சேர்த்துச் சொல்கிறார்களா, வருஷத்தை மட்டும் சொல்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு தலைமுறையே தவறிப்போகும்.

பரண்மேல் இருக்கும் டிரங்குப் பெட்டியைப் பாருங்கள். கருமாதிப் பத்திரிகையில் இறந்த தேதியும் மகன், மகள், மருமகன் பெயர்களும் இருக்கும். மொய் நோட்டில் தாய்மாமன் எந்த ஊர், அத்தையைக் கட்டிக்கொடுத்தது எந்த ஊர் என்பது தெரியும். குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டு இதைவிட மேல். அப்பன் பெயரில் இருந்த வரி எந்த ஆண்டில் பிள்ளைகள் பெயருக்குப் பிரிந்தது என்று பாருங்கள். பாகம் பிரிந்ததோ, பெரியவர் காலமானதோ ஏறத்தாழ அந்த ஆண்டாக இருக்கும். கிறிஸ்தவக் குடும்பங்கள் பங்குக் கோயிலின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது சமாதிக் கல். எழுத்து மங்கியிருந்தால் கம்பிப் பிரஷ், ஆசிட் எதையும் போட வேண்டாம்; எழுத்தோடு கல்லும் போய்விடும். தண்ணீர் ஊற்றி மெல்லிய துணியால் துடைத்துவிட்டு, சாய்வெயில் விழும் காலையிலோ மாலையிலோ போட்டோ எடுங்கள். 'ஜய வருஷம் ஆடி மாதம்' என்று இருந்தால் 1954 ஆகலாம், 2014 ஆகலாம். கல்லின் பழமையைக் கொண்டு முடிவு செய்யுங்கள். அதே ஜய வருஷம் தை மாதம் என்றால் ஆங்கில ஆண்டு 1955 ஆகிவிடும். பக்கத்தில் இருக்கும் கற்களையும் படியுங்கள். பங்காளிகளைப் பெரும்பாலும் பக்கத்தில்தான் அடக்கம் செய்திருப்பார்கள்.

பிறகு அரசுப் பதிவேடுகள். இப்போதுள்ள பட்டாக்கள் 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் (யு.டி.ஆர்.) உருவானவை. அதற்கு முந்தைய நிலப் பதிவேட்டின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு மனுச் செய்யுங்கள். பழைய கிரயப் பத்திரத்தில் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று தகப்பன் பெயரும், நான்கு எல்லையில் பங்காளிகள் பெயரும் இருக்கும். ஒரே ஆள் வீட்டில் பெரியசாமி, பட்டாவில் பெரியான், பத்திரத்தில் பெரியண்ணன் என்று இருப்பார். சர்வே எண்ணை வைத்து ஆளைப் பிடியுங்கள். பெயரை மட்டும் நம்ப வேண்டாம்.

சமாதிக் கல் மட்டும் இறப்புச் சான்று ஆகாது. முதலில் பழைய இறப்புப் பதிவேட்டைத் தேடச் சொல்லுங்கள். பழைய பதிவேடுகள் கிராமத்தில் இருக்காது; வட்டாட்சியர் அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் கேளுங்கள். பதிவே இல்லை என்றால் அதற்கு ஒரு சான்று வாங்கிக்கொண்டு, கோட்டாட்சியரிடம் தாமதப் பதிவுக்கு மனுக் கொடுக்க வேண்டும். அந்த விசாரணையில்தான் கல்லின் போட்டோவும் கருமாதிப் பத்திரிகையும் ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலமும் கைகொடுக்கும். இடையில் இறந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் தேவைப்படும். பங்காளிகளுக்குள் தகராறு என்றால் வட்டாட்சியர் நீதிமன்றத்துக்குத்தான் போகச் சொல்வார்.

கேள்வி: வம்சாவளியில் கட்டிக்கொடுத்த பெண்களையும் எழுத வேண்டுமா? எழுதாவிட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்கிறார்களே?
- ஒரு வாசகி, சேலம் மாவட்டம்

பதில்: கட்டாயம் எழுத வேண்டும், அம்மா. நான் பட்டபாட்டைச் சொல்கிறேன். எங்கள் தாத்தா தாமே வாங்கிய நிலத்துக்கு உயில் எழுதாமல் இறந்தார். பட்டா மாற்ற நான்தான் வம்சாவளி எழுதினேன். நான்கு ஆண்மக்களை எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். 'உங்க அத்தை எங்கேடா?' என்றார். அத்தை, தாத்தா இருக்கும்போதே பிரசவத்தில் இறந்துபோனவர். அவருக்கு ஒரு மகள் உண்டு என்பதே எனக்குத் தெரியாது. மொய் நோட்டில் ஊர்ப் பெயர் கிடைத்தது. போய்ப் பார்த்தோம். அந்த அக்கா தன் பங்கைக் கேட்டார். 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது அவருக்கு உரியதுதான். நிலமாகப் பிரிக்காமல் பணமாகக் கொடுத்தோம். என் சித்தப்பா ஒருவர் இரண்டு வருஷம் எங்களோடு பேசவில்லை. இன்று பட்டாவில் வில்லங்கம் இல்லை. அந்த அக்கா எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வருகிறார், சித்தப்பாவும் வருகிறார்.

பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு உரிமை உண்டு. தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதற்கும் 2005-லும் சட்டம் திருத்தப்பட்டது. மதத்துக்கு ஏற்பச் சட்டம் மாறும். உங்கள் நிலைமைக்கு வழக்கறிஞரைக் கேளுங்கள். ஒரு பெயரை மறைத்து வாங்கிய வாரிசுச் சான்றை ரத்து செய்ய வழி உண்டு.

மழை பெய்து வேலை கூடுவதற்கு முன், இந்தப் பதினைந்து நாளில் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் இருக்கும் மூத்தவரோடு உட்கார்ந்து, பெண்களையும் சேர்த்து மூன்று தலைமுறைப் பெயர்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். மற்றதைப் பதிவேடுகளில் தேடிக்கொள்ளலாம். அவர்களுக்குத் தெரிந்ததை அவர்களிடம் மட்டுமே கேட்க முடியும்.