ஜீப்புக்கு டிஸ்க் பிரேக் போட்டாச்சு... பின்சக்கரத்தைக் கவனித்தீர்களா?

வால்பாறை, கொடைக்கானல், கொல்லிமலை என எந்த மலைப்பக்கம் போனாலும் பழைய மஹிந்திரா ஜீப் ஒன்றாவது கண்ணில் படும். காய்கறி மூட்டை, காபிக்கொட்டை, கல்யாணத்துக்குப் போகும் உறவுக்கூட்டம் என எதை ஏற்றினாலும் முனகிக்கொண்டே மேலே ஏறிவிடும். இப்போது இந்த ஜீப்களுக்கு இரண்டாவது வாழ்க்கை. அப்பா ஓட்டிய வண்டியைப் பிள்ளைகள் தூசு தட்டி எடுக்கிறார்கள். புது பெயின்ட், பெரிய டயர், உயர்த்திய பட்டை, முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், கூடவே ஒரு பூஸ்டர். பார்க்கவே கம்பீரமாக இருக்கும்.

ஆனால், மழை பெய்த சாலையில் குறுக்கே ஒரு மாடு வந்து பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போதுதான் விஷயம் தெரியும். வண்டி நிற்பதற்கு முன்பே அதன் பின்பக்கம் பக்கவாட்டில் திரும்பும். ‘புது பிரேக் போட்டும் இப்படியா?’ என்று திகைப்பார்கள். பிரேக் பலமாகத்தான் இருக்கிறது. முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள பங்கீடுதான் கெட்டுப்போயிருக்கிறது.

அந்தப் பங்கீட்டைச் சரிசெய்ய உதவும் சின்ன உறுப்புதான் ‘அட்ஜஸ்டபிள் புரோபோர்ஷனிங் வால்வு’. உள்ளங்கையில் அடங்கும் உலோகத் துண்டு. தலையில் ஒரு குமிழ். சரியாகப் பொருத்தினால் உயிரைக் காக்கும். தவறாகப் பொருத்தினால் இருக்கிற பிரேக்கையும் கெடுக்கும்.

எடை முன்னால் ஓடுகிறது

பேருந்தில் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டால் நிற்பவர்கள் எல்லோரும் முன்பக்கம் சாய்வார்கள் அல்லவா? வண்டியின் எடையும் அப்படித்தான் சாய்கிறது. முன்சக்கரங்கள் தரையில் அழுந்தும், பின்சக்கரங்கள் லேசாகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,400 கிலோ எடையுள்ள ஜீப். நிற்கும்போது முன்னால் 700, பின்னால் 700. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 230 செ.மீ. எடையின் மையம் தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த சாலையில் நன்றாக பிரேக் பிடித்தால் கிட்டத்தட்ட 300 கிலோ முன்னால் போய்விடும். அதாவது முன்னால் 1,000, பின்னால் வெறும் 400. வண்டியை இன்னும் 10 செ.மீ. உயர்த்தினால் பின்னால் மிஞ்சுவது 360 கிலோதான். உயரம் கூடக் கூட, நீளம் குறையக் குறைய, பின்பக்கம் இன்னும் லேசாகும். பழைய ஜீப் உயரத்தில் அதிகம், நீளத்தில் குறைவு. இரண்டுமே பாதகம்.

எடை குறைந்த பின்சக்கரத்துக்கு, முன்சக்கரத்துக்குக் கொடுக்கும் அளவு பிரேக் கொடுத்தால் அது சுழல்வதை நிறுத்திவிடும்; டயர் தரையில் இழுபடும். இழுபடும் டயருக்குப் பக்கவாட்டுப் பிடி கிடையாது. முன்சக்கரங்கள் முதலில் இப்படிப் பூட்டிக்கொண்டால் ஸ்டீயரிங் கேட்காது. ஆனாலும் வண்டி பெரும்பாலும் நேராகவே போகும். காலை லேசாக எடுத்தால் ஸ்டீயரிங் திரும்பக் கிடைத்துவிடும். பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டாலோ, வண்டி பம்பரம்போல் திரும்பப் பார்க்கும். அதைச் சமாளிக்கக் கிடைப்பது கண்ணிமைக்கும் நேரம்தான். அதனால்தான், எவ்வளவு அழுத்தினாலும் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளவே கூடாது என்பது பிரேக் வடிவமைப்பில் பாலபாடம்.

டிஸ்க் போட்டதும் ஏன் கெட்டது?

பழைய ஜீப்பில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். டிரம்முக்கு ஒரு குணம் உண்டு. சுழலும் டிரம்மே ஷூவைத் தன் பக்கம் இழுத்து இன்னும் அழுத்திக்கொள்ளும். அதனால் குறைந்த அழுத்தத்திலேயே நன்றாகப் பிடிக்கும். டிஸ்க்கில் அந்த இழுவை இல்லை. கூடுதல் அழுத்தம் கொடுத்தால்தான் பேடு பிடிக்கும். அதற்காகத்தான் பூஸ்டர் சேர்க்கிறோம்.

இங்கேதான் சிக்கல். முன்னால் இருக்கும் டிஸ்க்குக்காகக் கூட்டிய அழுத்தம் பின்னால் இருக்கும் பழைய டிரம்முக்கும் போகிறது. அது ஏற்கெனவே குறைந்த அழுத்தத்தில் பிடிக்கிற ஆள். அதிகம் கொடுத்தால் கப்பென்று பிடித்துக்கொள்ளும். பட்டையை உயர்த்தி எடையின் மையத்தையும் மேலே ஏற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

வால்வு என்ன செய்கிறது?

மாஸ்டர் சிலிண்டரில் இருந்து பின்சக்கரத்துக்குப் போகும் பைப்பில் இந்த வால்வு உட்காரும். மெதுவாக பிரேக் பிடிக்கும்போது எதையும் தடுக்காது. முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே அழுத்தம். குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும், பின்னால் போகும் அழுத்தம் ஏறும் வேகத்தை மட்டும் குறைக்கும். உதாரணமாக, 400 பி.எஸ்.ஐ. வரை இரண்டும் சமம். அதற்குமேல் முன்னால் 100 ஏறினால் பின்னால் 40 சொச்சம்தான் ஏறும். முன்னால் 1,000 இருக்கும்போது பின்னால் சுமார் 650. அந்த 400 என்ற புள்ளி எங்கே இருக்க வேண்டும் என்பதைத்தான் குமிழ் தீர்மானிக்கிறது.

முக்கியமாக ஒன்றை மனதில் வையுங்கள். இந்த வால்வு குறைக்க மட்டுமே செய்யும்; எதையும் கூட்டாது. ஜீப் நிற்க நேரமாகிறது, பெடல் பஞ்சுபோல் இருக்கிறது, ஒரு பக்கம் இழுக்கிறது போன்ற குறைகளுக்கு இது மருந்து அல்ல. கசியும் வீல் சிலிண்டர், எண்ணெய் பட்ட ஷூ, தேய்ந்த டிரம், ஒட்டிக்கொண்ட காலிப்பர் எல்லாவற்றையும் முதலில் சரிசெய்துவிட்டு, பின்சக்கரம் உண்மையிலேயே முந்திக்கொண்டு பூட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பூட்டவில்லை என்றால் வால்வே தேவையில்லை. தேவையில்லாத இடத்தில் போட்டால் பின்பிரேக்கின் உழைப்பு வீணாகி, வண்டி நிற்கும் தூரம்தான் கூடும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

* மிகப் பழைய ஜீப்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் இணைப்பு. ஓர் இடத்தில் பைப் உடைந்தால் மொத்த பிரேக்கும் போய்விடும். அப்படிப்பட்ட வண்டியில் வால்வுக்கு முன், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறையுள்ள மாஸ்டர் சிலிண்டருக்கு மாறுவதுதான் முதல் வேலை.

* டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் ‘ரெசிடுவல் வால்வு’ இருக்கலாம். காலை எடுத்த பிறகும் பைப்பில் சுமார் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தை நிறுத்தி வைப்பது அது. டிஸ்க் இருக்கும் பக்கம் அது இருந்தால் பேடு உரசிக்கொண்டே சூடாகும். முன்பக்க இணைப்பில் அது இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும்.

* வண்டியில் கம்பெனியே வைத்த புரோபோர்ஷனிங் வால்வு இருந்தால், அதோடு சேர்த்து இன்னொன்றைப் போடக் கூடாது. இரண்டும் சேர்ந்து பின்பிரேக்கை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். பழைய டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் பின் அச்சோடு ஒரு கம்பியால் இணைத்த வால்வு இருக்கும். பாரம் ஏறினால் பின்பிரேக்கைக் கூட்டும், இறங்கினால் குறைக்கும். வண்டியை உயர்த்தினால் ‘பாரமே இல்லை’ என்று அது ஏமாந்துபோகும். அங்கே, கம்பியின் தாங்கியை உயரத்துக்கு ஏற்ப மாற்றினாலே பல நேரம் போதும்.

* பைப் முனையின் மரையை ஒப்பிட்டுப் பாருங்கள். 10 மி.மீ. மரையும் 3/8 அங்குல மரையும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். ஒன்றில் மற்றொன்று கொஞ்சம் ஏறவும் செய்யும். ஆனால் அழுத்தம் தாங்காது. கசிவை டேப் சுற்றி நிறுத்துவது ஆபத்து. முனையை இரட்டை மடிப்பாக விரித்திருக்க வேண்டும். சாதாரண செம்பு பைப் பிரேக்குக்கு ஆகாது. இரும்பு அல்லது செம்பு-நிக்கல் கலந்த பிரேக் பைப்தான் சரி.

* வேலை முடிந்ததும் புது பிரேக் ஆயில் ஊற்றி நான்கு சக்கரத்திலும் ஏர் எடுக்க வேண்டும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த அளவு 155 டிகிரிவரை இறங்கலாம். மலை இறக்கத்தில் பெடல் திடீரென்று தரையைத் தொடுவதற்கு, கொதித்த ஆயில் ஒரு முக்கியக் காரணம்.

குமிழை எங்கே வைத்துத் திருகுவது?

பலரும் தவறுவது இங்கேதான். ஜீப்பை ஆற்று மணலுக்கோ சேற்று நிலத்துக்கோ ஓட்டிப்போய் அங்கே பிரேக்கைச் சோதிக்கிறார்கள். வழுக்கும் தரையில் வண்டியின் வேகம் மெதுவாகத்தான் குறையும். எடையும் அதிகம் முன்னால் ஓடாது. அதனால் பின்சக்கரம் சாதுவாக இருக்கும். ‘பின்னால் இன்னும் கொஞ்சம் பிரேக் கொடுக்கலாமே’ என்று தோன்றும். அப்படிக் கூட்டி வைத்த அதே ஜீப், உலர்ந்த தார்ச்சாலையில் பின்னால் சுழலும்.

இன்னொன்று, நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுக்கொண்டு சோதிப்பது. பழைய ஜீப்பில் அதைப் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் பல்சக்கரத்தால் பிணைந்துவிடும். ஒன்றைவிட்டு மற்றொன்று தனியாகப் பூட்டிக்கொள்ள முடியாது. ஆகவே குறையும் தெரியாது. வீட்டிலிருந்து மலையடிவாரம் வரை இரண்டு சக்கர இயக்கத்தில் ஓட்டும்போதுதான் அது வெளியே வரும்.

சரியான முறை இதுதான். போக்குவரத்தே இல்லாத, சமமான, உலர்ந்த, நல்ல பிடியுள்ள தனியார் இடம். இரண்டு சக்கர இயக்கம். ஓட்டுநரைத் தவிர வண்டியில் யாரும் இல்லை. பின்பிரேக் மிகக் குறைவாக இருக்கும்படி குமிழை வைத்துத் தொடங்குங்கள். 30, 40 கி.மீ. வேகத்தில் கிளட்சை மிதித்துக்கொண்டு பிரேக் பிடியுங்கள். ஒருவர் பக்கவாட்டில், வெகு தூரத்தில் நின்று செல்போனில் ஸ்லோமோஷனில் படம் எடுக்கட்டும். எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்பது படத்தில் தெளிவாகத் தெரியும். சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு முறைக்கும் இடையே பிரேக் ஆறட்டும். பின்சக்கரம் முன்சக்கரத்தோடு சேர்ந்து பூட்டும் நிலை வந்ததும் அங்கிருந்து நன்றாகவே பின்வாங்கி நிறுத்துங்கள். இறக்கத்தில் எடை இன்னும் முன்னால் சாயும். அதற்கான இடைவெளி இது.

ஆள் இல்லாத வண்டியில் ஏன் சோதிக்க வேண்டும்? பின்பக்கம் மிகவும் லேசாக இருப்பது அப்போதுதான். குடும்பத்தோடு ஏறினால் பின்னால் எடை கூடும். அப்போது பின்சக்கரம் இன்னும் கொஞ்சம் உழைத்திருக்கலாம்தான். அந்த உழைப்பை இழக்கிறோம். நிற்கும் தூரம் சற்றுக் கூடும். ஆனால் வண்டி நேராக நிற்கும். பின்சீட்டில் பாட்டியும் பேரனும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் ஜீப்புக்கு அதுதான் முக்கியம். ஆள் ஏறும்போது கூட்டி, இறங்கும்போது குறைக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். ஒருநாள் குறைக்க மறந்துபோகும்.

அதே காரணத்தால், பந்தய வண்டிபோலக் குமிழை டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டியதில்லை. பானெட்டுக்குள் மாஸ்டர் சிலிண்டர் பக்கத்தில் வையுங்கள். அளவு முடிவானதும் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிட்டால், யாராவது திருகியிருந்தால் உடனே தெரியும். டயர் அளவோ, பட்டையோ, பின் ஷூவோ மாறினால் சோதனையை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.

ஆர்.டி.ஓ. பக்கம்

வண்டி தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியிருக்கிறது. சொந்த வண்டிக்கு 15 ஆண்டு முடிந்ததும், பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறையும் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வண்டியைக் காட்ட வேண்டும். ஆகவே வேலையில் இறங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதும், இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் தெரிவிப்பதும் நல்லது. உதிரிபாகங்களின் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பிரேக் வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம்தான் கொடுக்க வேண்டும். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “அண்ணே, இந்த ஜீப்பில் எந்தச் சக்கரம் முதலில் பூட்டணும்?” யோசிக்காமல் “முன்னாடி” என்று சொல்லி, ஏன் என்றும் விளக்கினால் சாவியைக் கொடுக்கலாம். “நாலும் சேர்ந்து கப்புன்னு பிடிக்கும் தம்பி” என்றால், ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பட்டறையைப் பார்ப்பது நல்லது.