பழைய எண்ணை அழிக்காதீர்கள்!

இன்று கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்பில் மாதப் பராமரிப்புக் கட்டணத்தை 10 சதவீதம் உயர்த்தினார்கள். 2,000 ரூபாய் 2,200 ஆக வேண்டும். செயலாளர் எக்செல்லில் 1.1 என்று அடித்து, காப்பி செய்து, 'பேஸ்ட் ஸ்பெஷல்' போய் 'மல்டிப்ளை' கொடுத்துவிட்டார். பத்தி முழுவதும் ஒரே நொடியில் மாறிவிட்டது. இரண்டு நாள் கழித்துப் பொருளாளர், அது தெரியாமல், அதே ஃபைலில் அதே வேலையை மறுபடியும் செய்தார். கட்டணம் 2,420 ஆனது!

மூன்றாம் மாடியில் குடும்ப ஓய்வூதியத்தில் வாழும் ஓர் அம்மா, மூன்று மாதம் வாய் பேசாமல் கட்டினார். 660 ரூபாய் அதிகம். "கம்ப்யூட்டர் போட்ட கணக்கு, தப்பா இருக்குமா சார்?" என்று என்னிடம் கேட்டார். அவருடைய பழைய ரசீதைப் பார்த்த பிறகுதான் குட்டு உடைந்தது. ஃபைலில் பழைய தொகையே இல்லை. எதோடு ஒப்பிடுவது?

அதற்கப்புறம் இன்னொரு கூத்து. "10 சதவீதம் குறைத்தால் சரியாகிவிடும்" என்றார்கள். 2,420-ல் 10 சதவீதம் 242. கழித்தால் 2,178. 2,200 எங்கே போயிற்று? பெருக்கியதைத் திருப்ப வகுக்க வேண்டும் ஐயா! 2,420-ஐ 1.1-ஆல் வகுத்தால்தான் 2,200 வரும்.

நான் வகுப்பில் என்ன சொன்னேன்? தப்பானாலும் ரப்பர் வைத்து அழிக்காதே, குறுக்கே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் எழுது; விடைக்கு மட்டுமல்ல, ஸ்டெப்புக்கும் மார்க் உண்டு என்றேன். எக்செல்லுக்கும் அதே சட்டம்தான்.

பழைய தொகை பி பத்தியில் அப்படியே இருக்கட்டும். டி1 கட்டத்தில் 1.1 என்று எழுதுங்கள். சி2-ல் =பி2*$டி$1 என்று கொடுத்து, கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுங்கள். அந்த டாலர் குறிதான் டி1-ஐ நகர விடாமல் ஆணி அடிக்கிறது. அது இல்லாவிட்டால் அடுத்த வரி டி2-ஐத் தேடும். அது காலியாக இருந்தால் விடை பூஜ்யம். கூகுள் ஷீட்ஸிலும் இதே முறைதான். அடுத்த வருடம் விகிதம் மாறினால் டி1-ல் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும். எத்தனை பேர் ஃபைலைத் திறந்தாலும் இரண்டு முறை பெருக்கிவிடுமோ என்ற பயமில்லை.

"கண்ட்ரோல் இசட் இருக்கே சார்" என்பீர்கள். எக்செல் ஃபைலை மூடித் திறந்த பிறகு அழுத்திப் பாருங்கள், தெரியும். "பத்தி அதிகமானால் பார்க்க அசிங்கம்" என்பீர்கள். அச்சடிக்கும்போது மறைத்துக்கொள்ளுங்கள். மறைப்பது வேறு, அழிப்பது வேறு.

உங்களில் பலர் இன்று அடுத்தவர் சம்பளம், வட்டி, கட்டணம் எல்லாம் கணக்குப் போடும் இடத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கு அது ஒரு பத்தி. அந்த அம்மாவுக்கு அது மாத்திரை வாங்கும் காசு. எப்படி வந்தது என்று காட்ட முடியாத கணக்கை யாரிடமும் நீட்டாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்