பாசறையிலிருந்து வந்தவரைக் கேட்பார் யார்?

கடலூர்ச் சாலையில் ஆலையின் நெடுஞ்சுவரைக் கடந்து உள்ளே திரும்பும் முதலியார்பேட்டைத் தெருவொன்றில், விடியற்காலையில் மகிழுந்து ஒன்று வந்து நிற்கும். அதன் கூரைமேல் கயிறிட்டுக் கட்டிய பெட்டிகள் இரண்டு. உள்ளே வெயிலிற் கறுத்த முகத்தோடு ஒருவர். ஈராக்கில் அறுந்த மின்கம்பிகளை மீண்டும் இழுத்துக் கட்டுபவராகவோ, குண்டு விழுந்த பாலத்துக்குக் கம்பி வளைப்பவராகவோ ஈராண்டு இருந்துவிட்டு, முப்பது நாளோ நாற்பது நாளோ விடுப்பில் வீடு திரும்புகிறவர். மாலைக்குள் தெருவே அவர் திண்ணையில் கூடிவிடும். அங்கே கேட்கப்பெறும் கேள்விகளைச் சற்றே எண்ணிப் பாருங்கள்! சம்பளம் எவ்வளவு? பெட்டியில் என்ன? மாடி எப்போது எழுப்பப் போகிறீர்? என் மகனுக்கும் அங்கே ஓர் இடம் பார்க்கலாகாதா? இத்தனை கேள்விகளுக்கிடையே, "அங்கே என்ன கண்டீர்?" என்று கேட்பார் ஒருவரும் இலர்.

அவரும் சொல்லுவதில்லை. 'லீவு', 'கேம்ப்', 'சைட்டு', 'காண்ட்ராக்டு' என்னும் நான்கு சொற்களுக்குள் அவருடைய ஈராண்டு வாழ்க்கை அடங்கிவிடுகிறது. விடுப்பு என்னும் நல்ல தமிழ்ச்சொல் இருக்க, லீவு என்பானேன்? (ஈழத்திலோ விடுப்பு என்றால் ஊர்க்கதை கேட்டல் என்று பொருள். விடுப்பில் வந்தவரைச் சூழ்ந்துகொண்டு நம்மவர் கேட்பதும் அந்த விடுப்பே!) கேம்ப் என்பதற்குப் பாசறை என்னும் சொல் ஈராயிரம் ஆண்டுகளாக நம்மிடம் இருக்கிறது. சொல்லை இழந்தவன் அச்சொல் சுட்டும் பொருளைப் பற்றிச் சிந்திக்கும் திறத்தையும் இழக்கிறான்.

பாசறை என்றதும் தமிழறிந்தார் நெஞ்சில் முல்லைத்திணை விரியும். ஓதல், பகை, தூது, பொருள் என்று பிரிவுக்கு ஏதுக்களை வகுத்தது தொல்காப்பியம். பகைமேற் சென்ற தலைவன் கார்காலம் தொடங்குமுன் வினைமுற்றி மீள்வான், தேர்ப்பாகனை விரைவுபடுத்துவான், தலைவி ஆற்றியிருப்பாள். அங்கே ஒன்றைக் கருத வேண்டும். அத்தலைவன் வினை முடித்து மீள்கிறான். மீண்டபின் பாசறைக்குத் திரும்புவதில்லை. இன்று வருபவரோ வினைமுற்றி வருபவர் அல்லர். வினையின் நடுவே வந்து, நாள் எண்ணியிருந்து, மீண்டும் செல்பவர். பகைவயிற் பிரிவையும் பொருள்வயிற் பிரிவையும் வேறுவேறாகக் கண்டனர் நம் முன்னோர். பிறருடைய பகை நிலத்துக்குப் பொருள் தேடிச் செல்லும் இப்பிரிவுக்கு இலக்கணம் வகுக்கப்படவில்லை. வகுக்கும் தேவை அன்று எழவில்லை.

முல்லைப்பாட்டை விரித்துப் பார்ப்பவர்க்கு வேறொன்றும் புலப்படும். தமிழ் வேந்தனின் பாசறையில் காவல் நிற்பவர் யவனர். பேச்சறியாது உடற்குறிப்பால் கருத்துரைக்கும் அயலவரும் அங்கே ஏவல் செய்கின்றனர். கூலிக்கு வந்த பிறநாட்டார் அவர்கள். இன்றோ அரபியும் அறியாது, ஆங்கிலமும் அரைகுறையாய், கையசைத்துக் குறிப்புக் காட்டி அயலார் பாசறையில் நிற்பவன் தமிழன்! நிலை தலைகீழாய்ப் புரண்டுவிட்டது. உழைப்பிற் குறையில்லை, ஆயினும் எவருடைய போருக்குப் பின் எவருக்காகக் கட்டுகிறோம் என்று ஒருமுறையேனும் எண்ண வேண்டாவா?

புதுவைக்கு இது புதிதன்று. முதல் உலகப்போரில் பிரான்சு நாட்டுக்காக இவ்வூர்ப் பிள்ளைகள் மாண்டனர். கடற்கரையில் 1938இல் திறக்கப்பெற்ற போர் நினைவகம் அவர்களுக்காக எழுந்ததே. அதன் முகப்பிற் பொறித்த மொழி பிரெஞ்சு. 1946 தொடங்கி 1954 வரை இந்தோசீனத்தில் பிரெஞ்சு ஆட்சி நடத்திய போரிலும் புதுவைச் சொல்தாக்கள் இருந்தனர். அவர்கள் விடுப்பில் வந்தபோதும் தெரு கூடியது; அன்றும் கேட்கப்பட்டவை இவையே. தன் விடுதலைக்குப் போராடிய வியத்துநாம் உழவனுக்கு எதிராக, தானே அடிமைப்பட்டிருந்த ஊரிலிருந்து ஒருவன் துப்பாக்கி ஏந்திச் சென்ற முரணை எத்திண்ணையில் யார் பேசினர்? ஓய்வூதியத்தைப் பற்றித்தான் பேச்சு.

மற்றொரு கரணியமும் உண்டு. 1936 சூலைத் திங்கள் 30ஆம் நாள், தொழிலாளர் உரிமை கேட்டெழுந்த புதுவை ஆலைத் தோழர்கள்மேல் பிரெஞ்சு ஆட்சி சுட்டதில் பன்னிருவர் உயிர் நீத்தனர். அக்குருதியில் விளைந்ததே எட்டுமணி நேர வேலை. அந்த மரபில் வந்த முதலியார்பேட்டையின் ஏ.எப்.டி. ஆலை 2020இல் இழுத்து மூடப்பட்டது. தந்தையும் பாட்டனும் ஆலைச் சங்கொலிக்கு எழுந்த வீட்டில், மகன் வானூர்தி நிலையத்துக்கு எழுகிறான். சுற்றத்தாரோடு இருந்தே உண்ணும் சோறு கிடைத்திருப்பின் எவன் பாலையிற் போய்க் கம்பி வளைப்பான்?

அங்குள்ள இடர் சிறிதன்று. ஆப்கானித்தானத்தில் சரஞ்சிலிருந்து தெலாராம் வரை 218 கிலோமீட்டர் சாலையை இந்தியாவின் எல்லைச் சாலை அமைப்பு இட்டது. தாக்குதல்களுக்கு இடையே கட்டி முடித்து 2009 சனவரியில் ஒப்படைத்த அச்சாலைக்காக இந்தியர் அறுவரும் ஆப்கானியர் நூற்றுக்கு மேற்பட்டோரும் உயிர் கொடுத்தனர். 2021 ஆகத்தில் தாலிபான் படைக்கு வீழ்ந்த முதல் மாநிலத் தலைநகர் அதே சரஞ்சு. ஈராக்கின் மோசூலில் 2014 சூனில் சிறைபிடிக்கப்பட்ட கட்டுமானத் தொழிலாளருள் 39 பேர் கொல்லப்பட்டனர். பஞ்சாபியரே அவர்களுள் மிகுதி. பீகாரியரும் இமாசலத்தாரும் வங்கத்தாரும் உண்டு. அவர்கள் மாண்ட செய்தியை நாடாளுமன்றம் கேட்டது 2018 மார்ச்சு 20ஆம் நாள். ஏறத்தாழ நான்காண்டு அவர்தம் மனைவியர் தாலியோடு காத்திருந்தனர்! அவ்வாண்டு அதே சூனில், ஆப்கானித்தானத்தின் எராத்துப் பகுதியில், திரும்பிவந்த ஏதிலியர் பிள்ளைகளின் பள்ளியொன்றைக் காணச் சென்ற சிவகங்கை மாவட்டத்து இயேசு சபைத் துறவி அலெக்சிசு பிரேம்குமார் கடத்தப்பட்டு, எட்டுத் திங்களுக்குப்பின் 2015 பிப்பிரவரியில் மீண்டார். இடிந்த கட்டடத்தை எழுப்பச் சென்றாரையும், இடிந்த கல்வியை எழுப்பச் சென்றாரையும் போர் பிரித்தறிவதில்லை.

இத்தகைய இடத்துக்குச் செல்பவர் கையெழுத்திடும் ஒப்பந்தம் எம்மொழியில் இருக்கிறது? ஆங்கிலத்திலும் அரபியிலும். பத்தாம் வகுப்புத் தேறாதவர் ஈராக்கு முதலிய நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் அரசின் ஒப்புதல் பெற வேண்டும் என்று விதித்தனர். 10 நூறாயிரம் உருபாக் காப்பீடும் வைத்தனர். நல்லதே. ஆனால் பத்தாம் வகுப்புத் தேறாதவர் என்று அறிந்தே அவர் கையில் ஆங்கிலத் தாளைக் கொடுப்பது என்ன முறை? எத்தனை நாளுக்கு ஒருமுறை விடுப்பு, போகவர வானூர்திக் கட்டணம் யார் பொறுப்பு, குண்டு வெடித்தால் வேலையை விட்டு வெளியேற உரிமை உண்டா, கடவுச்சீட்டு யார் கையில் இருக்கும் என்பனவெல்லாம் அத்தாளில்தான் உள்ளன. படிக்கத் தெரியாத தாளில் இடும் கையெழுத்துக் கைந்நாட்டே. 1965இல் தமிழை ஆட்சிமொழியாகச் சட்டம் இயற்றிய புதுவை அரசு, தன் குடிமகன் கையெழுத்திடும் ஒப்பந்தத்தைத் தமிழில் பெயர்த்துத் தராமல் விடக் கூடாது. தொழிலாளர் துறையில் இரண்டு மொழிபெயர்ப்பாளரை அமர்த்தினால் முடியும் செயல் இது. விழா எடுக்கப் பணம் இருக்கும் அரசுக்கு இதற்கு இல்லை என்றால் யார் நம்புவர்?

நம் கண்முன்னேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2009 மே திங்களில் குருதிக்காடாய் முடிந்த ஈழப்போருக்குப் பின், இந்திய அரசு 50,000 வீடுகள் கட்டித்தர முன்வந்தது. அவற்றுட் பெரும்பகுதி வடக்கிலும் கிழக்கிலும். 1990இல் நின்றுபோன யாழ்ப்பாணத் தொடர்வண்டியை, இந்திய நிறுவனம் இட்ட பாதைவழி 2014 அக்டோபரில் மீண்டும் ஓடச் செய்தனர். உறவை இழந்த மக்களுக்குச் சுவரும் கூரையும் ஈடாகா என்பது மெய்யே. கொன்றவரைக் கேளாது வீடு கட்டிக் கொடுத்த தில்லியின் நடுநிலையை நாம் மறக்கவும் மாட்டோம். எனினும் ஈழத்திற் பணிக்குச் செல்லும் தமிழன் கையசைத்துப் பேச வேண்டுவதில்லை. வீட்டுக்காரியிடம், "அம்மா, வாயில் எப்பக்கம் வைக்கட்டும்?" என்று தன் மொழியிலேயே கேட்கலாம். அவள் அவனுக்குத் தன் கதை முழுதும் சொல்லுவாள். கட்டுவோனும் வாழ்வோனும் ஒரு மொழி பேசுமிடத்தில்தான் அப்பணி மனத்தொண்டாகிறது. ஏனைய இடத்தில் கூலியாக நின்றுவிடுகிறது.

இன்னொன்று. இப்புதுவையே போரில் தரைமட்டமாகி மீண்டும் எழுந்த ஊர். 1761 சனவரியில் ஆங்கிலேயர் இதைக் கைப்பற்றி இடித்து நொறுக்கினர். 1765இல் பிரெஞ்சுக்காரர் திரும்பப் பெற்றபின் தெருத்தெருவாக எழுப்பினர். கல்லும் சுண்ணமும் சுமந்த கைகள் தமிழ்க் கைகள். அவர்கள் ஒருவரும் ஒரு வரியும் எழுதி நமக்குக் கிடைக்கவில்லை. இடிபடுவதற்கு முன்னிருந்த ஊரையும் அதன் போர்களையும் நாம் அறிவது, 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கர் நாட்குறிப்பு எழுதியதால். அவர் நடை வடசொல்லும் பிறசொல்லும் விரவிய கலப்பு நடை. தூயதமிழ் அன்பர்க்கு உவப்பானதன்று. ஆயினும் அவர் கண்டார், எழுதினார்.

ஆகவே தனித்தமிழ் அன்பர்க்கு ஒரு வேலை இருக்கிறது. தம் தெருவுக்கு விடுப்பில் வருபவரிடம், 'லீவு' என்ற சொல்லுக்காக முதல் நாளே முகஞ்சுளிக்க வேண்டா. படிப்பகத்து இளைஞர் இருவர் ஒரு சுவடியோடு மாலைதோறும் அவரிடம் செல்லட்டும். எந்த நகர், என்ன இடிந்து கிடந்தது, யார் இடித்தது, உடன் வேலை செய்த ஈராக்கியன் தன் வீட்டைப் பற்றி என்ன சொன்னான், இரவில் ஒலி கேட்டால் எங்கே ஒளிந்தீர் என்று கேட்கட்டும். அவர் சொல்லும் சொல்லிலேயே முதலில் எழுதிக்கொள்க. லீவை விடுப்பாக்குவதும் கேம்பைப் பாசறையாக்குவதும் பின்னர்ச் செய்யலாம். வந்து பத்து நாளாகி, பெட்டியில் இருந்தவற்றைப் பங்கிட்டுக் கொடுத்து முடிந்தபின், அவர் வீட்டுத் திண்ணையில் எவரும் இருப்பதில்லை. அப்போது செல்க.